ஒரு பக்கம் மட்டும் பார்த்து நட்ட கம்பம்

'தெரியாது' என்ற சொல்லை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது என் இருபத்தெட்டாவது வயதில், வாலாஜாபாத்தில், என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அதுவரை யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. வேலை தேடி வந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கிய முதல் நாளே, கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், ஒருவருக்கு வழி சொன்னவன் நான். (பாவம், அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாரோ என்னவோ.)

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்தாவது முடித்து, டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து, ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்திருந்தேன். சேரப்பணஞ்சேரியில் ஓர் அறை. நாலு பேர், மூன்று பாய். எப்படியும் ஒருத்தன் ஷிஃப்டில் இருப்பான் என்ற துணிச்சல்தான்.

டிப்ளமோவில் படம் வரைகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம் போட வேண்டும். நானும் போட்டேன். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஒரு கண்ணாடியை வைத்து, அடியில் டியூப்லைட்டை எரியவிட்டு, கூடப் படித்தவன் வரைந்த தாளின்மேல் என் தாளை விரித்து, தெரிந்த கோட்டையெல்லாம் பென்சிலால் இழுத்தேன். அவன் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான் என்கிற விவரம் எனக்குத் தேவைப்படவில்லை. பரீட்சையில் அவனைவிட எனக்கு இரண்டு மார்க் கூட. (என் கோடு சுத்தமாக இருந்ததாம்.)

கம்பெனியிலும் பிழைப்பு ஓடியது. மேஜைமேல் அதே மூன்று படம் ஒட்டியிருக்கும். நான் அதைப் பார்ப்பதில்லை. கீலை எடுத்து அளவுக்கட்டையில் நுழைப்பேன். நுழைந்தால் பச்சை டப்பா, நுழையாவிட்டால் சிவப்பு டப்பா. ஒரு நாளைக்கு ஆயிரம் கீல். இப்படி ஐந்து வருஷம் செய்தால் எந்த மனிதனுக்கும் தான் ஓர் இன்ஜினியர் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு இரண்டாவது மாதமே வந்துவிட்டது.

நித்யா அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தாள். கையெழுத்துப் போடாமல் ஒரு ஜோடி கையுறைகூட அவளிடமிருந்து வாங்க முடியாது. நான் தினமும் ஒரு ஜோடி கேட்டேன். மூன்றாவது மாதம், "உங்களுக்கு எத்தனை கை?" என்று கேட்டாள். அங்கிருந்து இரண்டு வருஷத்தில் விஷயம் அவள் வீடுவரை போனது.

அவள் வீடு வாலாஜாபாத்தில். அப்பா முனுசாமி முன்பு நிலத்தில் பாடுபட்டவர், இப்போது ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சாதுவான மனிதர். மாப்பிள்ளை என்றால் தெய்வத்துக்கு அடுத்தபடி என்று நம்புகிறவர். தங்கை கீர்த்தி பிளஸ் டூ. ஒரே இடைஞ்சல் நித்யாவின் தாய்மாமன் ஏகாம்பரம். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "தெற்க போயி யாரு விசாரிக்கிறது? அந்தப் பையன் பேசறதே பாதி புரியலியே" என்று அவர் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை அரைமனதாகச் சம்மதிக்க வைத்து, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலிலேயே நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒத்தாசை செய்கிறேன் என்று நான் அங்கே போனேன். யாரும் கூப்பிடவில்லை.

போய் உட்கார்ந்து காபி ஆறுவதற்குள் கீர்த்தி கணக்குப் புத்தகத்தோடு வந்தாள்.

"மாமா, வீழல்னா இன்னா மாமா?"

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் அட்டையைக்கூட நான் அதற்குமுன் பார்த்ததில்லை. 'வீழல்' என்ற சொல்லைக் கேட்டதும் இல்லை. அக்காவைக் கட்டப் போகிறவன், கொழுந்தியாளின் முதல் கேள்விக்கே விழிக்க முடியுமா?

"விழுறதுதான். மேல இருந்து கீழ விழும்லா, அது" என்றேன்.

"எது விழும்?"

ஓரக்கண்ணால் புத்தகத்தைப் பார்த்தேன். கீழே ஒரு தளம். மேலே அந்தரத்தில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் இரு முனையிலிருந்தும் புள்ளி புள்ளியாகக் கீழே இறக்கி, தளத்தின்மேல் இன்னொரு கோடு போட்டிருந்தது.

"நிழல்!" என்றேன். "சூரியன் நேர் உச்சில நிக்கும்போது தரைல நிழல் விழுதுல்லா? அந்த மாதிரி, செங்குத்தா இறக்கினா தளத்துமேல என்ன விழுதோ அதுதான் வீழல்."

கீர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "மிஸ் மூணு நாளா நடத்தி புரியல மாமா. நீங்க ஒரே வார்த்தைல சொல்லிட்டீங்க!"

அதிசயம் என்னவென்றால் நான் சொன்னது சரி. வாழ்க்கையில் என் ஊகம் ஒன்று சரியாகப் போனது அன்றுதான், அதுவே எனக்கு வினையாகிவிட்டது. கீர்த்தி பக்கத்தைத் திருப்பி அடுத்ததைக் கேட்டாள்.

"ஒரு கோடு தளத்துக்கு செங்குத்தா நிக்குதான்னு எப்டி தெரிஞ்சிக்கறது மாமா? தளத்துல ஒன்னையொன்னு வெட்டிக்கிற ரெண்டு கோடு எடுத்து, ரெண்டுத்துக்கும் செங்குத்தா இருக்குதான்னு பாக்கணும்னு போட்டிருக்கு. ஏன் ரெண்டு? ஒன்னு போதாதா?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு ஒருவன் யோசித்துப் பதில் சொல்வான். நான் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "ஒன்னு போதும்" என்றேன்.

"புக்ல ரெண்டுனு இருக்கே மாமா."

"பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும். ஒரு கோட்டுக்குத் தொண்ணூறு டிகிரின்னா எல்லாத்துக்கும் தொண்ணூறு டிகிரிதான். நேரா இருக்கது நேராத்தான இருக்கும்?"

கீர்த்தி தயங்கினாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார். "அடியே, மாப்ளே கம்பெனில இத்ததான்டி தெனமும் பாக்கறாரு. சொல்றத எழுதிக்கினு போ."

கீர்த்தி சிவப்புப் பேனாவை எடுத்து, அரசாங்கம் அச்சிட்ட புத்தகத்தில் 'இரு' என்பதை அடித்து 'ஒரு' என்று திருத்தினாள். நான் அதைப் பெருந்தன்மையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. வீட்டு முன்னால் தகர ஷீட் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. ஷீட்டின் ஒரு விளிம்பை வீட்டுச் சுவர் தாங்கும், தெருப்பக்க விளிம்பை இரண்டு இரும்பு பைப்புகள் தாங்கும். அவற்றில் ஒன்று அடியில் துருப்பிடித்துப் போனதால், நிச்சயதார்த்தத்துக்குள் மாற்றிவிடலாம் என்று பழையதைப் பிடுங்கியிருந்தார்கள். புதுக் கம்பத்துக்கு முனுசாமி மாமா குழி தோண்டிக்கொண்டிருந்தார். நட்டுக் கொடுப்பதாகச் சொன்ன ஏகாம்பரம், பட்டறையில் அவசர வேலை வந்துவிட்டதால் வரவில்லை.

"மச்சான் வந்துடட்டும் மாப்ளே. அவனுக்குத்தான் கரெக்டா தெரியும்" என்றார் மாமா.

"எதுக்கு மாமா அவர எதிர்பாத்துக்கிட்டு? நான் இருக்கேம்லா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு அங்கே இல்லை. ஒரு நூலில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். மாமா குழிக்குள் பைப்பை நிறுத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வீட்டு வாசற்படியில் நின்று, ஒரு கண்ணை மூடி, நூலையும் கம்பத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

"இடது பக்கம் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும் மாமா, பிடிங்க! அசையாதிய!"

நூலும் கம்பமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. இவ்வளவு நேரான கம்பம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டு மாவட்டத்திலும் இல்லை என்று பட்டது.

வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் நின்றிருந்த கீர்த்தி, "மாமா, இந்தப் பக்கம் ஒரு தபா வந்து பாருங்க. ரோட்டுப் பக்கமா சாயற மாதிரி கீது" என்றாள்.

"கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இப்பத்தான சொல்லிக் கொடுத்தேன்? ஒரு கோட்டுக்கு நேரா இருந்தா எல்லாத்துக்கும் நேருதான்."

மாமா கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றதால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "பாப்பா சொல்றாளே மாப்ளே..." என்று இழுத்தார்.

"மாமா, நான் குவாலிட்டி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் அடங்கிவிட்டார். கலவையைக் கொட்டினோம். நான் பெருமையோடு கை கழுவிவிட்டு அறைக்குத் திரும்பினேன். வாரம் முழுக்க மாமா ஒரு வேளைகூடத் தவறாமல் அந்தக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார், நன்றாக இறுகட்டும் என்று. நன்றாகவே இறுகியது.

அடுத்து வந்த சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, புதுச் சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக நான் வாலாஜாபாத்தில் இறங்கியபோது, பக்கவாட்டுச் சந்தில் ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெல்டிங் மெஷின் அவர் காலடியில் கிடந்தது. வீட்டார் அனைவரும் சுற்றி நின்றார்கள்.

"யாரு இதுக்கு நூல் புடிச்சது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"மாமா" என்றாள் கீர்த்தி.

"எந்த மாமா? நானா?"

"ஐயோ, நீங்க இல்ல மாமா. அந்த மாமா."

அவள் விரல் என் பக்கம் நீண்டது. நான் வாழைப்பழத்தோடு நின்றேன்.

"வாங்க" என்றார் ஏகாம்பரம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இப்டி வந்து நில்லுங்க. இங்கேர்ந்து பாருங்க."

நின்றேன். அன்றுதான் அந்தக் கம்பத்தை நான் பக்கத்திலிருந்து முதன்முதலாகப் பார்த்தேன். பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்க்கும் ஆள்மாதிரி அது தெருப்பக்கம் குனிந்துகொண்டிருந்தது. உச்சி ஒரு சாண் வெளியே போயிருந்தது. ஓடிப்போய் வாசற்படியில் ஏறி நின்று பார்த்தேன். அங்கிருந்து அட்டென்ஷனில் நிற்கும் போலீஸ்காரர்மாதிரி நேராக இருந்தது. மறுபடி சந்துக்கு ஓடினேன். சாய்ந்திருந்தது. மறுபடி வாசற்படி. நேர்.

நான் இப்படி ஓடுவதை மூன்று தடவை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் கேட்டார். "நீங்க கம்பெனில இன்னா வேல பாக்கறீங்க?"

"குவாலிட்டி."

"அப்டியா."

அந்த 'அப்டியா' இன்றைக்கும் சில சமயம் என் காதில் விழுகிறது.

"காத்துல சாஞ்சிருக்கும்" என்றேன்.

"காங்கிரீட் போட்ட பைப்பு காத்துல சாயுமா?"

"ஐப்பசிக் காத்துல்லா..."

அவர் முனுசாமி மாமா பக்கம் திரும்பினார். "மச்சான், நாளிக்கி காலைல ஆளுங்க வந்துடுவாங்க. புடுங்கி நடறதுக்கு நேரம் இல்ல. துண்டு பைப்பு வச்சி வெல்டு அடிச்சி ஷீட்ட ஏத்தி வுட்டுடறேன். அந்த மூலைல ஷீட்டும் ஷீட்டும் ஒட்டாது, வாயப் பொளந்துகினுதான் நிக்கும். மழ வந்தா என்னக் கேக்காத."

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாப்ளே, உள்ள போய் காத்தாட உக்காருங்க" என்றார். இது 'அப்டியா'வைவிட மோசம்.

உள்ளே கீர்த்தி ஒரு டெஸ்ட் பேப்பரோடு காத்திருந்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் அதே கேள்வி வந்திருக்கிறது. என் விடையை அப்படியே எழுதியிருக்கிறாள். பெரிய சிவப்பு முட்டை. பக்கத்தில் டீச்சர் 'யார் சொன்னது?' என்று எழுதியிருந்தார்.

"மிஸ் கூப்ட்டு கேட்டாங்க மாமா. எங்க மாமா சொன்னாருனு சொன்னேன். இன்னா படிச்சிருக்காருனு கேட்டாங்க. இன்ஜினியருனு சொன்னேன். எந்தக் காலேஜு, பாலிடெக்னிக்கானு கேட்டாங்க. அதுக்கு மட்டும் வாயத் தெறக்கல."

என் மானத்தைக் காப்பாற்ற அந்த வீட்டில் பள்ளிக்கூடப் பெண்வரை பாடுபட்டிருக்கிறார்கள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மாமா. ஒரு கோடு ஏன் போதாது?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளியே வெல்டிங் மெஷின் சீறுகிற சத்தம். "தெரியாது கீர்த்தி" என்றேன்.

சொன்னால் உயிர் போய்விடும் என்று இருபத்தெட்டு வருஷம் நினைத்திருந்தேன். போகவில்லை. கீர்த்தி அதிர்ச்சியடையக்கூட இல்லை. "அப்ப ரெண்டு பேரும் பாக்கலாம் வாங்க" என்று தரையில் உட்கார்ந்தாள்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, தாளில் ஒரு கோடு போட்டாள். கோட்டின்மேல் பேனாவை நிமிர்த்தி வைத்தாள். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைக் கோட்டின்மேலும் இன்னொரு விளிம்பைப் பேனாவின்மேலும் படிய வைத்து நான் பிடித்துக்கொண்டேன். தொண்ணூறு டிகிரி. பிறகு மூலைமட்டத்தோடு சேர்த்துப் பேனாவைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தாள். மூலைமட்டம் கோட்டைவிட்டு விலகவில்லை. கோணம் மாறவில்லை. பேனா மட்டும் சாய்ந்துகொண்டே போய்த் தாளோடு தாளாகப் படுத்துவிட்டது. அப்போதும் அந்தக் கோட்டுக்கு அது தொண்ணூறு டிகிரிதான்!

"கீல்!" என்று கத்தினேன்.

"இன்னா மாமா?"

"கதவு கீல் கீர்த்தி! கோடுதான் கீல். பேனாதான் கதவு. கதவு எவ்வளவு திறந்தாலும் கீலுக்கு நேராத்தான நிக்கும்!"

ஒரு நாளைக்கு ஆயிரம் கீல். ஐந்து வருஷம். ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

கீர்த்தி முதல் கோட்டை வெட்டி இன்னொரு கோடு போட்டாள். அதற்கும் ஒரு மூலைமட்டத்தை நிறுத்திப் பேனாவைப் பிடித்தோம். இப்போது அதைச் சாய்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் அசைத்தாலும் ஏதாவதொரு மூலைமட்டம் இடித்தது. பேனா ஒரேயொரு விதமாகத்தான் நிற்க முடிந்தது, தாளுக்குச் செங்குத்தாக.

"அப்ப நீங்க வாசப்படிலேர்ந்து பாத்தது இதான் மாமா" என்றாள் கீர்த்தி, பேனாவைத் தன்பக்கம் சாய்த்து, பின்னாலிருந்த சுவரைக் காட்டி. "கம்பத்தோட வீழல் அந்தச் செவுத்துல நேராதான் விழும். சந்துப் பக்கத்துச் செவுத்துலதான் சாஞ்சி விழும். நீங்க ஒரு செவுத்த மட்டும் பாத்துட்டு போயிட்டீங்க."

மேஜைமேல் ஐந்து வருஷமாக ஒட்டியிருந்த மூன்று படமும், எதற்காக மூன்று என்பதும், அந்தத் தரையில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. வெளியே நான் நட்டு வைத்திருந்த கம்பம் ஞாபகம் வந்ததால் குதிக்கவில்லை.

மறுநாள் காலை சங்கரன்கோவிலிலிருந்து வேன் வந்தது. அம்மா, சித்திகள், அத்தைகள், எல்லோருக்கும் மேலே என் பெரியப்பா. அப்பா இல்லாத என்னை முன்னின்று ஆளாக்கியவர். குரல் கனமானது. அவர் மெதுவாகப் பேசினாலே தெருமுனையில் மாடு திரும்பிப் பார்க்கும். ஏகாம்பரம் ஓடியோடி எல்லோரையும் உட்கார வைத்தார். பெரியப்பா நேராகப் போய் அந்த மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க வேணாம் பெரியவரே, இப்டி நடுவுல வாங்க" என்றார் ஏகாம்பரம்.

"இருக்கட்டும். இங்கனதான் காத்து வருது."

காற்று வரத்தான் செய்யும். தலைக்கு மேலே இரண்டு ஷீட்டுக்கு நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

தட்டுகளை வைத்தார்கள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிச்சயப் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்தார். 'நிகழும் மங்களகரமான' என்பதுவரை வந்திருப்பார், தகரத்தில் சடசடவென்று மழை இறங்கியது. முதலில் ஒரு சொட்டு தாளில் விழுந்தது. 'தை மாதம்' என்பது நீலமாகக் கரைந்து ஓடியது. அவர் அதைத் துடைப்பதற்குள், கோணலான ஷீட்டில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அந்த மூலைக்கு வந்து சேர்ந்து, மொத்தமாகப் பெரியப்பாவின் தலையில் இறங்கியது. சந்தனமும் குங்குமமும் மூக்கு வழியே வழிந்து, அவர் உட்கார்ந்த வாக்கிலேயே ஓர் அபிஷேகம் நடந்து முடிந்தது.

பெரியப்பா எழுந்தார்.

"எவம்ல இந்தக் கொட்டகையப் போட்டது? நல்ல காரியம் நடக்க இடத்துல ஒரு கம்பத்த ஒழுங்கா நட ஆள் இல்லையா இந்த வீட்டுல?"

எங்கள் பக்கத்தில் ஒரு சித்தி பக்கத்திலிருந்த அத்தையிடம், "தேதி அழிஞ்சிட்டே. நல்லதாப் படலையே எனக்கு" என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது. நித்யாவின் அம்மா முகம் வெளுத்துவிட்டது.

முனுசாமி மாமா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "மன்னிச்சுக்கோங்க சம்மந்தி. என் தப்புதான். அவசரத்துல நான்தான் நட்டுட்டேன்."

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கவிழ்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது. சொல்லவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. கதவோரம் பட்டுப்புடவையில் நித்யா நின்றிருந்தாள். கையெழுத்துப் போடாமல் சாமான் எடுத்துப் போகிறவனை ஸ்டோர்ஸில் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

எழுந்து நின்றேன்.

"பெரியப்பா, அத நட்டது நான்."

"என்னது?"

"போன ஞாயித்துக்கிழம நாந்தான் நட்டேன். மாமா வேண்டாம்னுதான் சொன்னாவ. கீர்த்தி சாயுதுன்னு சொன்னா. ரெண்டு பேர் சொன்னதையும் நான் கேக்கல. மாமா மேல தப்பே இல்ல."

பெரியப்பா தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்தார். "நீ இஞ்சினியருல்லா?"

"டிப்ளமோ, பெரியப்பா."

முதலில் சிரித்தது என் அம்மாதான். "இவன் ஊர்ல கொடி கட்டினா வேட்டி தரையிலதான் காயும். இவன் கையிலயா மைனி கம்பத்தக் குடுத்திய?" என்று நித்யாவின் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வேன் டிரைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் ஈரத் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஏகாம்பரம் தன் புது வேட்டியைக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் நீட்டினார். பிறகு முனுசாமி மாமாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மச்சான், மாப்ளேக்கு பொண்ண குடுக்கலாம். தாராளமா குடுக்கலாம். கடப்பாரைய மட்டும் குடுத்துடாத."

அவர் வாயிலிருந்து 'மாப்ளே' என்று வந்தது அதுதான் முதல் தடவை.

தட்டு மாற்றுவதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். அழிந்துபோன தேதியிலேயே கல்யாணம் நடந்தது. கீர்த்தி அந்தப் பாடத்தைப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. முழுப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். இப்போது கணக்கில் பி.எட். படிக்கிறாள். நான் கம்பெனியில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். வேலை மெதுவாக நடக்கிறது என்று சூப்பர்வைசருக்கு என்மேல் வருத்தம்.

கொட்டகைக்குப் புது ஷீட் வந்துவிட்டது. பக்கத்திலேயே ஏகாம்பரம் மாமா இன்னொரு கம்பத்தை நேராக நட்டு பாரத்தை அதன்மேல் மாற்றிவிட்டார். ஆனால் என் கம்பத்தை மட்டும் பிடுங்க விடவில்லை. அதில் நாலு கொக்கியை வேறு பற்றவைத்திருக்கிறார். அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'மாப்ளே'. "ஹெல்மெட்ட மாப்ளே மேல மாட்டு", "ஆட்ட மாப்ளே கிட்ட கட்டு" என்றுதான் பேச்சு. புழக்கத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

போன மாதம் கீர்த்தியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அன்றும் மழை. நான் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பையனின் அப்பா நனைந்த குடையோடு வாசலில் நின்று, எங்கே வைப்பது என்று பார்த்தார். மாமியார் உள்ளேயிருந்து, "அத்த மாப்ளே மேல மாட்டிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

அந்த மனிதர் திகைத்தார். சுற்றிலும் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை என்று சொல்லும்படி இருந்தவன் நான் ஒருவன்தான். சொட்டுகிற குடையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, என் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார்.

இதை எங்கிருந்து விளக்குவது? நான் எழுந்து கையை நீட்டினேன்.